ஒழுங்கையும் ஓடையும்: நகர்ப்புறப் பொதுவெளியும் மக்கள் முயற்சியும் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

வளர்முக நாடுகளின் நகரங்கள் பற்றி எழுதுவோரிடையே ஒரு கருத்து இன்று பெருமதிப்புப் பெற்று விளங்குகின்றது. அரசுகள் வகுத்த பெருந்திட்டங்கள் பல தோல்வியுற்றன. குடிமக்கள் தமது சூழலைத் தாமே திருத்திக்கொண்ட சிறு முயற்சிகளே பயன் தந்தன. ஆகவே நகர அபிவிருத்தி இனி அத்தகைய சிறு முயற்சிகளின் தொகுதியாகவே அமைதல் வேண்டும் என்பது அக்கருத்து. பாழ்நிலமொன்றைச் சிறுவர் விளையாடும் இடமாக்குதல், பொதுக்குழாயைச் சுற்றிய சேற்றை அகற்றி மேடை கட்டுதல், ஒழுங்கைக்குச் சீமெந்து இடுதல், தெருமுனையில் நிழல்மரம் நடுதல் ஆகியன இதற்குச் சான்றுகளாகக் காட்டப்படுகின்றன.

இச்செயல்களின் நன்மையை எவரும் மறுத்தற்கில்லை. ஆயின், ஒரு செயல் நன்மை பயப்பது என்பது வேறு. அச்செயலின் மீது எழுப்பப்படும் கருத்துநிலை ஏற்புடையது என்பது வேறு. சேறு நிறைந்த ஒழுங்கையைத் தம் கைப்பொருளையும் உழைப்பையும் கொண்டு செப்பனிட்ட மக்கள் நம் மதிப்புக்குரியவர்கள். ஆனால், அதையே காரணமாகக் காட்டி, ஒழுங்கைகளைச் செப்பனிடுவது அம்மக்களின் பொறுப்பே எனக் கூறுபவர் நம் விமர்சனத்துக்குரியவர். இவ்விரு நிலைகளையும் பிரித்துணர்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோல் யாதாக இருத்தல் கூடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குக் கராச்சி நகரின் ஒறங்கி என்னும் குடியிருப்பின் அனுபவம் முதன்மைச் சான்றாகவும், கொழும்பு மாநகரின் அனுபவம் ஒப்பீட்டுச் சான்றாகவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2

மேற்கூறிய கருத்தின் வரலாற்றை முதலிற் சுருக்கமாக நோக்குதல் தகும். பிரித்தானியக் கட்டடக்கலைஞரான ஜோன் டேர்னர் 1957 முதல் 1965 வரை பெரு நாட்டிற் பணியாற்றியவர். லிமா நகரின் விளிம்புகளில், சட்டத்தின் அனுமதியின்றிக் குடியேறிய மக்கள் தமது வீடுகளை ஆண்டாண்டாகச் சிறிது சிறிதாகக் கட்டி முடித்த முறையை அவர் நெருங்கி அவதானித்தார். ஏனையோர் சேரி எனக் கண்டதை அவர் வளர்ந்துகொண்டிருக்கும் ஊர் எனக் கண்டார். வீடு என்பதை முடிவுற்ற பொருளாகக் கொள்ளாது தொடர்ந்து நிகழும் செயலாகக் கொள்ளவேண்டும் என்பதும், அச்செயலின் தீர்மானங்கள் அங்கு வாழ்வோர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பதும் அவருடைய வாதத்தின் சாரம். இவ்வாதத்தை விரித்துரைக்கும் அவரது நூல் 1976இல் வெளிவந்தது. மனிதக் குடியிருப்புகள் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு வான்கூவரில் நடைபெற்றதும் அதே ஆண்டிலேயே ஆகும்.

டேர்னரின் கருத்துக்கு எழுந்த மறுப்பு மார்க்சிய நோக்குடையோரிடமிருந்து வந்தது. ரொட் பர்ஜெஸ் போன்றோர் 1970களின் இறுதியிலிருந்தே இதனைக் கண்டித்தனர். வறிய தொழிலாளி பகல் முழுவதும் பிறருக்கு உழைத்துவிட்டு, ஓய்வு நேரத்திலும் தன் வீட்டைத் தானே கட்டவேண்டும் என்பது அவனது உழைப்பை இருமுறை சுரண்டுவதாகும். அதன்மூலம் கூலியின் மட்டம் தாழ்த்தி வைக்கப்படுகின்றது. நிலத்தின் உடைமையுறவு பற்றிய கேள்வியோ எழாமலே போகின்றது என்பது அவர்தம் வாதம். 2006இல் வெளிவந்த மைக் டேவிஸின் நூல் இக்கண்டனத்தை மேலும் கூர்மையாக்கிற்று. ஏழைகளின் சுயமுயற்சியைப் போற்றும் மொழி, அரசுகளும் உலக வங்கியும் தமது கடப்பாட்டிலிருந்து விலகிக்கொள்வதற்கு வசதியான போர்வையாயிற்று என்பதை அந்நூல் வலியுறுத்துகின்றது.

இவ்விரு சாராருக்கும் இடையே, சிறு செயலின் ஆற்றலைக் கோட்பாடாக்க முயன்றவர் நபீல் ஹம்டி. 2004இல் வெளிவந்த அவரது நூலில், ஒரு பஸ் தரிப்பிடத்தை எங்கே அமைப்பது என்னும் சிறு தீர்மானத்தைச் சுற்றிக் கடைகளும் விளக்கொளியும் மக்கள் கூடும் முற்றமும் எவ்வாறு வந்து சேரக்கூடும் என்பது விளக்கப்படுகின்றது. சிறியது வித்தாகிப் பெரியதை ஈன்றெடுக்கும் என்பது அவரது நம்பிக்கை.

இம்மூன்று நிலைப்பாடுகளிலும் உண்மை உண்டு. டேர்னருக்கு நியாயமாகக் கூறுவதாயின், அரசு முற்றாக விலகவேண்டும் என அவர் சொல்லவில்லை; நிலம், மூலப்பொருள், பெரிய வலையமைப்புகள் ஆகியவற்றைக் கிடைக்கச் செய்வது அரசின் பணியென்றே கொண்டார். அவரைப் பின்பற்றுவதாகக் கூறியோர் அப்பாதியை விட்டுவிட்டனர். எனினும், இவ்விவாதத்தில் ஒரு குறைபாடு தொடர்ந்து காணப்படுகின்றது. செய்தவர் யார் என்பதிலேயே விவாதம் நின்றுவிடுகின்றது. மக்கள் செய்தால் நன்று என ஒரு சாராரும், அரசு செய்யாதது தீது என மறுசாராரும் வாதிடுகின்றனர். செய்யப்பட்டது எதனோடு சென்று இணைகின்றது என்பதை இரு சாராரும் போதிய அளவு வினவவில்லை. விவாதம் பெரும்பாலும் வீட்டைச் சுற்றியே நிகழ்ந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம். வீடு தனித்து நிற்கக்கூடியது. வீடுகளுக்கு இடைப்பட்ட ஒழுங்கை அவ்வாறு தனித்து நிற்க இயலாது. அதன் நீர் எங்கேனும் சென்றாக வேண்டும்.

3

ஒறங்கி, கராச்சியின் வடமேற்கே அமைந்தது. 1965 அளவில் தொடங்கிய இக்குடியிருப்பு, 1971இல் வங்காளதேசம் பிரிந்ததன்பின் அங்கிருந்து வந்த பீகாரி அகதிகளின் வருகையோடு விரைந்து பெருகிற்று. நிலத்தரகர்கள் அரச காணியைத் துண்டுகளாக்கி விற்றனர். மக்கள் வீடு கட்டினர். கழிவுநீர் வடிகால் மட்டும் எவராலும் அமைக்கப்படவில்லை. வாளி மலசலகூடங்களும் உறிஞ்சு குழிகளுமே இருந்தன. பாவித்த நீர் ஒழுங்கையில் தேங்கிற்று. ஒழுங்கை பொதுவெளி என்னும் தன்மையை இழந்து கழிவு கிடக்கும் இடமாயிற்று. அதன் சுமை, பகலில் அங்கேயே இருக்க நேர்ந்த பெண்கள் மீதும் சிறுவர் மீதும் கூடுதலாக விழுந்தது.

1980இல் அங்கு பணியாற்றத் தொடங்கிய அக்தர் ஹமீத் கான் அப்பொழுது முதியவர். பிரித்தானிய இந்தியாவின் சிவில் சேவையிலிருந்து விலகியவர். 1959இல் கொமிலாவிற் கிராம அபிவிருத்திக் கழகத்தைத் தொடக்கி நடத்தியவர். அவர் முதலிற் செய்தது மக்களோடு பேசியதே. அவர்கள் தாமே வடிகால் அமைப்பதைத் தடுப்பவை நான்கு என அவர் கணித்தார். அரசு இலவசமாகச் செய்யும் என்னும் எதிர்பார்ப்பு உளத்தடை. வழக்கமான செலவைத் தாங்கவியலாமை பொருளாதாரத் தடை. நிலமட்டம் அளக்கவும் குழாய் பதிக்கவும் அறியாமை தொழினுட்பத் தடை. ஒன்றுகூடிச் செயற்படும் அமைப்பின்மை சமூகத் தடை.

இவற்றுள் நான்காவதற்கு அவர் கண்ட விடையே நம் ஆய்வுக்கு முக்கியமானது. முழு ஒறங்கியையும் ஓர் அமைப்பின்கீழ்க் கொண்டுவர அவர் முயலவில்லை. சுமார் 20 முதல் 40 வரையிலான வீடுகளைக் கொண்ட ஒழுங்கையே அலகாகக் கொள்ளப்பட்டது. ஒழுங்கையிலுள்ளோர் ஒருவரை ஒருவர் அறிவர்; யார் பணம் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது அங்கு மறைந்திராது. ஒவ்வோர் ஒழுங்கையும் தன் பொறுப்பாளரைத் தெரிவுசெய்தது. அவரே பணத்தைத் திரட்டினார். நிறுவனம் அப்பணத்தைத் தொடவில்லை. நில அளவை, வரைபடம், செலவு மதிப்பீடு, கருவிகள், மேற்பார்வை ஆகியவற்றை மட்டும் வழங்கிற்று. குழாய்கள் சந்திக்குமிடங்களில் அமையும் குழிகளை வார்ப்பதற்கு இரும்பு அச்சுகள் பயன்படுத்தப்பட்டன. வடிவமைப்பு எளிமையாக்கப்பட்டது, ஒப்பந்தகாரரின் இலாபமும் இலஞ்சமும் நீங்கின. தொடக்க ஆண்டுகளில் வீட்டு மலசலகூடத்துக்கும் ஒழுங்கைக் குழாய்க்குமாகக் குடும்பமொன்றுக்கு ஏற்பட்ட செலவு சுமார் 1000 பாகிஸ்தான் ரூபா. அரச திணைக்களங்களின் மதிப்பீட்டோடு ஒப்பிடுமிடத்து இது மிகச் சிறிய தொகையே. காலப்போக்கில் 6000க்கு மேற்பட்ட ஒழுங்கைகள் இம்முறையிற் கழிவுநீர்க் குழாய் பெற்றன.

நகர்ப்புறப் பொதுவெளி என்றவுடன் பூங்காவையும் சதுக்கத்தையும் எண்ணிப் பழகிய நமக்கு இங்கு ஒரு பாடம் உண்டு. வறியோர் குடியிருப்பில் முதற் பொதுவெளி ஒழுங்கையே. அதனைத் திருத்தும் வேலையின் பெரும்பகுதி நிலத்தின் கீழே நடைபெறுவது, புகைப்படத்திற்கு அகப்படாதது. குழாய் புதைந்தபின்னரே சிறுவர் விளையாடவும் முதியோர் வாயிலில் அமரவும் ஒழுங்கை மீண்டும் மனிதருக்கு உரியதாயிற்று. மேலே வண்ணம் பூசி ஆசனம் இட்டுவிட்டுக் கீழே கழிவுநீரை அவ்வாறே விடும் முயற்சிகளை இவ்வனுபவத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடுதல் வேண்டும்.

4

இவ்வளவோடு நிறுத்தின், ஒறங்கியும் சுயமுயற்சியின் புகழ்பாடும் கதைகளுள் ஒன்றாகிவிடும். உண்மையில் அங்கு நிகழ்ந்தது அதனினும் ஆழமானது. அந்நிறுவனத்தார் வேலையை இரண்டாகப் பகுத்தனர். வீட்டு மலசலகூடம், ஒழுங்கைக் குழாய், அயலிலுள்ள ஒழுங்கைகளின் நீரைச் சேர்க்கும் குழாய் ஆகியன உட்பகுதி. இவற்றை மக்கள் தம் செலவிற் செய்வர். நகரின் பெருங்குழாய்களும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களும் வெளிப்பகுதி; இவற்றைச் செய்யவேண்டியது அரசு. இப்பகுப்பு வெறும் தொழினுட்ப வசதி கருதியதன்று. அது ஓர் அரசியற் கூற்று. எமது பங்கை யாம் செய்துவிட்டோம், உமது பங்கு எங்கே என்னும் கேள்வியை எழுப்பும் தகுதியை அது மக்களுக்கு அளித்தது.

அரசு தன் பங்கை உடனே செய்யவில்லை. ஒழுங்கைகளின் கழிவுநீர் இயற்கையான மழைநீர் ஓடைகளிற் சென்று விழுந்தது. அவ்வோடைகளை அங்கு நாலா என்பர். சிறு முயற்சியின் எல்லை இங்கே தெளிவாகப் புலப்படுகின்றது. ஒழுங்கை தூய்மையுற்றது, ஓடை மாசுற்றது. ஓடைக்கரையில் வாழ்வோர் ஒழுங்கையில் வாழ்வோரிலும் வறியவர்கள். ஒருவரின் திருத்தம் மற்றொருவரின் சுமையாக மாறக்கூடும் என்னும் உண்மையைச் சிறு முயற்சிகளைப் போற்றுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

நிறுவனம் இதனை மறைக்கவில்லை, மாறாக வரைபடமாக்கிற்று. கட்டடக்கலையும் பொறியியலும் பயின்ற இளைஞர்கள் ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று, மக்கள் அமைத்த குழாய்களையும் அவை சேரும் ஓடைகளையும் வரைந்தனர். அதிகாரிகளின் திட்டங்களில் ஒன்றுமில்லாத வெற்றிடமாகக் காணப்பட்ட பகுதிகளில் மக்களின் பணத்தால் உருவான ஒரு முழு வலையமைப்பு இருப்பது வெளிப்பட்டது. ஓடைகளையே பெருவடிகால்களாக ஏற்று, அவற்றை மூடிக் கட்டி, கடலை அடையுமிடத்திற் சுத்திகரிப்பதே பொருத்தம் என்னும் மாற்றுத் திட்டமும் அதிலிருந்து பிறந்தது. கராச்சியின் கொறங்கிப் பகுதிக்கென ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வகுக்கப்பட்ட பெரிய கழிவுநீர்த் திட்டம், இத்தகைய ஆய்வும் எதிர்ப்பும் முன்வைக்கப்பட்டதன்பின் 1999இற் கைவிடப்பட்டது. அங்கு சிறு முயற்சியின் பயன் குழாய்களின் நீளத்தில் மட்டும் அடங்கவில்லை. தேவையற்ற ஒரு கடனைக் கேள்விக்குள்ளாக்கும் அறிவு மக்களிடையே உருவானமையே அதன் பெரும்பயன்.

இத்தகைய அறிவு தீங்கற்றதன்று. நிறுவனத்தின் ஆய்வு, பயிற்சிப் பிரிவின் இயக்குநராயிருந்த கட்டடக்கலைஞர் பர்வீன் ரஹ்மான், நகரின் விளிம்பிலுள்ள பழைய கிராமங்களின் நிலங்களையும் நீர் களவாடப்படும் வழிகளையும் ஆவணப்படுத்தி வந்தார். 2013 மார்ச் 13ஆம் திகதி அவர் கராச்சியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பெஞ்சுகளும் பூச்செடிகளும் வைப்போரை எவரும் சுடுவதில்லை. நிலம் யாருடையது என்று வரைபடத்திற் காட்டும் கணத்திலேயே சிறு முயற்சி அதிகாரத்தோடு மோதுகின்றது.

2020 ஓகஸ்டிற் கராச்சியைப் பெருவெள்ளம் தாக்கிற்று. அதன்பின், உயர்நீதிமன்றுக்கும் மேலான அந்நாட்டின் தலைமை நீதிமன்றின் ஆணைகளைத் தொடர்ந்து, 2021இற் குஜ்ஜர் ஓடையினதும் ஒறங்கி ஓடையினதும் கரைகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. குத்தகைப் பத்திரம் வைத்திருந்தோரின் வீடுகளும் அவற்றுள் அடங்கின. நாற்பது ஆண்டுகளாக அரசு தன் பங்கைக் காலத்திற் செய்யாது விட்டதன் விலையை ஓடைக்கரை மக்கள் செலுத்த நேர்ந்தது. டேவிஸ் முதலியோரின் எச்சரிக்கை இங்கு மெய்யாகின்றது. ஆனால், அதிலிருந்து ஒழுங்கைகளின் உழைப்பு வீண் என்னும் முடிவு பெறப்படாது. ஒழுங்கை தோற்கவில்லை, ஒழுங்கைக்கும் ஓடைக்கும் இடையிலான ஒப்பந்தத்தை அரசே முறித்தது.

5

நமது நாட்டின் அனுபவத்தை இனி நோக்குவோம். 1978இல் தொடங்கிய ஓர் இலட்சம் வீடுகள் திட்டத்தைத் தொடர்ந்து 1984இற் பத்து இலட்சம் வீடுகள் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. டேர்னரின் சிந்தனைக்கு ஓர் அரசு தேசிய அளவில் அளித்த செயல்வடிவங்களுள் இதுவும் ஒன்று எனலாம். ஹம்டியும் அவருடைய துணைவர்களும் இதன் பயிற்சி முறைகளோடு தொடர்புற்றிருந்தனர். கொழும்பின் தோட்டங்களிலும் முடுக்குகளிலும் குடியிருப்பாளர் சபைகள் செயற்பட்டன. சாதாரண நகரக் காணிக்கு விதிக்கப்பட்ட 6 பேர்ச் என்னும் கீழெல்லை, விசேட திட்டப் பகுதிகளில் 2 பேர்ச்சாகத் தளர்த்தப்பட்டது. நடைபாதை எங்கே செல்லவேண்டும், பொதுக்கிணறு எங்கே அமையவேண்டும் என்பன அங்கு வாழ்வோர் கூடியிருந்து தீர்மானித்தவை.

இவற்றுள் விதந்து கூறத்தக்க புதுமை, கிணறு, வடிகால், நடைபாதை, பொது மலசலகூடம் போன்ற சிறு வேலைகளை வெளி ஒப்பந்தகாரருக்குக் கொடாது குடியிருப்பாளர் சபையிடமே ஒப்பந்தமாகக் கையளித்தமையாகும். வேலைக்கான பணத்தை அரச நிறுவனம் கொடுத்தது. தொழினுட்ப உத்தியோகத்தர் வழிகாட்டினர். உழைத்தோர் கூலி பெற்றனர். எஞ்சிய இலாபம் சபையின் நிதியிற் சேர்ந்தது. ஒறங்கியோடு இதனை ஒப்பிடுக. அங்கு ஒழுங்கைக்கான செலவு மக்களுடையது. இங்கு செலவு அரசினுடையது, செய்கை மக்களுடையது. வறியோரின் உழைப்பை இலவசமாகப் பெறுவது சுரண்டல் என்னும் பர்ஜெஸின் கண்டனத்துக்குக் கொழும்பின் இம்முறை ஓரளவேனும் விடையளிக்கின்றது.

சிரமதானம் என்னும் சொல் நம் நாட்டிற் பெற்றுள்ள செல்வாக்கை இவ்விடத்து நினைவுகூர்தல் வேண்டும். 1958 முதல் சர்வோதய இயக்கம் அச்சொல்லுக்கு அளித்த உயர்ந்த பொருள் நாமறிந்ததே. எனினும், நகரச் சூழலில் அதன் பொருள் மாறுபடுகின்றது. மாதச் சம்பளம் பெறுவோர் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி பிடிப்பதும், நாட்கூலித் தொழிலாளி ஒரு நாளைக் கொடுப்பதும் ஒன்றல்ல. முன்னவர் ஓய்வைத் தருகின்றார். பின்னவர் அன்றைய உணவைத் தருகின்றார். இவ்வேறுபாட்டைக் கணக்கிற் கொள்ளாத ஒருமைப்பாட்டுரை, வர்க்க வேறுபாட்டை மறைக்கும் திரையாகவே அமையும்.

கொழும்பின் குறைபாடு வேறோரிடத்தில் வெளிப்பட்டது. திட்டம் 1989இல் முடிவுற்றதன்பின், குடியிருப்பாளர் சபைகள் பல செயலிழந்தன. காணிக்கு முழுமையான உறுதி பெறாதோர் பலராயிருந்தனர். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்திற் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதன்பின் பல்லாயிரம் குடும்பங்களை அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கும் திட்டம் உருவெடுத்தது. கிணறும் நடைபாதையும் அமைத்த உழைப்பு, நிலத்தின் விலை உயர்ந்தபொழுது எவ்வித உரிமையையும் ஈட்டித் தரவில்லை. ஒழுங்கை நடைகூடமாயிற்று. அங்கு மின்தூக்கி பழுதானால் அதனைத் திருத்தும் அறிவோ அதிகாரமோ குடியிருப்போரிடம் இல்லை.

6

இவ்விரு அனுபவங்களிலிருந்தும் நாம் தேடிய அளவுகோல் கிடைக்கின்றது. நகர்ப்புறப் பொதுவெளியைத் திருத்தும் எந்தச் சிறு முயற்சியையும் நோக்கி நாம் மூன்று வினாக்களை எழுப்பலாம். முதலாவது: இதன் நீர் எங்கே செல்கின்றது? அதாவது, இவ்வேலை எந்தப் பெரிய வேலையோடு இணைகின்றது, அப்பெரிய வேலைக்குப் பொறுப்பாளர் யார் என்பது வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளதா? இரண்டாவது: இதன் செலவை யார் எவ்வடிவிற் கொடுத்தனர், பயனை யார் பெற்றனர்? மூன்றாவது: முயற்சி முடிந்தபின் அம்மக்களிடம் எஞ்சுவது யாது? நிலத்தின் மீதான உரிமையா, தம் சூழல் பற்றிய அறிவா, அதிகாரிகளோடு வாதிடும் அமைப்பா, அல்லது மங்கிப்போகும் வண்ணம் மட்டுந்தானா?

ஒறங்கி முதல் வினாவுக்கு நேர்மையாக விடையளித்தது; கொழும்பு இரண்டாவதற்குச் சிறந்த விடையளித்தது; மூன்றாவதில் நில உரிமை என்னுமிடத்து இரண்டும் இடறின. ஆயினும் அமைப்பும் அறிவும் எஞ்சிய அளவுக்கு ஒறங்கியில் எதிர்ப்பும் மாற்றுத் திட்டமும் சாத்தியமாயின என்பது நோக்கற்பாலது. சிறியது தானாகவே பெரியதை ஈன்றெடுக்கும் என்னும் ஹம்டியின் நம்பிக்கையை இவ்விரு நகரங்களும் முழுமையாக உறுதிசெய்யவில்லை. சிறியது பெரியதை ஈன்றெடுப்பதில்லை. பெரியதைக் கோருவதற்கான வலிமையையே ஈன்றெடுக்கின்றது. அக்கோரிக்கை எழாவிடத்துச் சிறு முயற்சி அரசுக்குச் செலவைக் குறைக்கும் உபாயமாகச் சுருங்கிவிடும்.

பல்கலைக்கழகத்தாருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆண்டுதோறும் ஒரு நாள் மண்வெட்டியோடு சென்று வருவதினும், கராச்சியின் இளைஞர் செய்ததுபோல ஓர் ஒழுங்கையை அளந்து, அதன் வடிகால் எங்கே முடிவுறுகின்றது, அதன் காணி யார் பெயரில் உள்ளது என வரைந்து அம்மக்களிடமே கையளிப்பது பெரும்பணி. புவியியலும் சட்டமும் சமூகவியலும் பொறியியலும் பயில்வோர் இணைந்து செய்யத்தக்கது அது. அவ்வரைபடம் மக்கள் கையில் இருக்கும்பொழுது, அரசின் கடமை எந்த இடத்திலிருந்து தொடங்குகின்றது என்பதை அவர்கள் விரல் வைத்துக் காட்டலாம்.